ஆசிரியரை ஆக்குவோர்

ஹட்டனிலிருந்து தலவாக்கலை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி அமைந்துள்ளது. செருமானிய அரசின் உதவியோடு 1990களின் தொடக்கத்தில் எழுந்த கல்லூரி இது. மலையகத் தோட்டப் பாடசாலைகளுக்கு அம்மலைகளிலேயே பிறந்து வளர்ந்த ஆசிரியர்களை ஆக்கித் தருவதே அதன் முதன்மை நோக்கமாக இருந்தது. ஆசிரிய மாணவர் இரண்டு ஆண்டுகள் விடுதியில் தங்கிப் பயில்வர். மூன்றாம் ஆண்டில் ஏதேனும் ஒரு பாடசாலையில் கட்டுறு பயிலுனராகப் பணிபுரிவர். முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா கிடைக்கும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டையே பேசுகின்றனர்: எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர், எந்தப் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். இரண்டும் வேண்டிய வினாக்களே. ஆயினும் இவற்றுக்கு இடையே நிற்கும் ஒருவரை எல்லாரும் மறந்துவிடுகிறோம். விரிவுரை மண்டபத்தின் முன்னே நிற்கும் அந்த விரிவுரையாளர் கற்பிக்கும் கலையை எங்கே கற்றார்? அதை அவர் கூர்தீட்டிக்கொள்ள என்ன வழி இருக்கிறது? ஏனைய கல்லூரிகளில் இவ்வினாவைத் தள்ளிப்போட்டால் கெடுவது ஒரு பாடம். ஆசிரியர் கல்லூரியில் தள்ளிப்போட்டால் அக்கேடு மலையெங்கும் பரவும்.

ஏன் அவ்வாறு பரவும் என்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975இல் தெளிவாக்கினார். சட்டம் பயிலப் போகிறவன் இளமையில் வழக்கறிஞரின் பணியை அதிகம் கண்டதில்லை. ஆசிரியனாகப் போகிறவனோ தன் பள்ளிப் பருவம் முழுவதும், ஏறத்தாழப் பதின்மூவாயிரம் மணி நேரம், ஆசிரியர்களைப் பார்த்தபடியே வளர்கிறான். ஆனால் அவன் காண்பது வெளித்தோற்றம் மட்டுமே. ஆசிரியர் ஏன் அவ்வாறு செய்தார், எதை எண்ணி எதை விலக்கினார் என்பது அவனுக்குத் தெரிவதில்லை. ஆகவே பிற்காலத்தில் வகுப்பில் தடுமாறும்போது, பயிற்சிக் கல்லூரியில் எழுதிக்கொண்ட குறிப்பு அவன் கைக்கு வருவதில்லை. தன் பழைய ஆசிரியரின் குரல்தான் அவன் வாயில் வருகிறது.

மலையகத்தில், பார்த்தே பழகும் இக்காண்பயிற்சியின் வேர் ஆழமானது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வியளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மேல் வைத்தது. நடைமுறையில் அது தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அண்மையில் ஒரு கொட்டகையாகவும், ஓர் ஆசிரியராகவும், அவர் முன்னே கலந்து அமர்ந்த பல வகுப்புப் பிள்ளைகளாகவும் முடிந்தது. பெற்றோர் கொழுந்து பறிக்கப் போயிருக்கும் நேரத்தில் பிள்ளைகளைக் கட்டி வைக்கும் இடம் என்பதற்கு மேல் அதனிடம் எதிர்பார்த்த துரைமார் சிலரே. ஒருவர் பல வகுப்புகளை அடக்கியாள வேண்டிய இடத்தில் உரத்துச் சொல்லுதலும், பிள்ளைகள் ஒருமித்துத் திருப்பிச் சொல்லுதலும் இயல்பாகவே முறையாகிவிட்டன. 1977 முதல் அரசு இப்பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. பின்னர் சுவீடனின் உதவி வந்தது, கட்டடங்கள் எழுந்தன, ஆசிரியர் தொகை பெருகியது. ஆஞ்சலா லிட்டில் 1999இல் வெளியிட்ட நூல் இவ்வளர்ச்சியை விரிவாக ஆராய்கிறது. கட்டடம் மாறுவது போல விரைவாகக் கற்பிக்கும் பழக்கம் மாறுவதில்லை. கூட்டாக ஒப்புவித்துப் படித்த பிள்ளை ஆசிரியராகி, அம்முறையையே தன் வகுப்புக்குக் கொண்டுசெல்கிறது.

இச்சங்கிலி அறுபடத்தக்க இடம் ஒன்றே. அது அந்த இரண்டு ஆண்டு விடுதி வாழ்க்கை. ஆனால் அங்கே விரிவுரையாளர் இரண்டு மணி நேரம் நின்றபடியே குழுமுறைக் கற்பித்தலின் நன்மைகளை நோட்ஸாகச் சொல்ல, மாணவர் தலைகுனிந்து எழுதிக்கொண்டார்கள் எனில், அவர்கள் கற்றது என்ன? குழுமுறை என்பது தேர்வில் எழுத வேண்டிய ஒரு விடை. கற்பித்தல் என்பது நின்று சொல்லுதல். இந்த இரண்டாம் பாடத்தை விரிவுரையாளர் கற்பிக்க எண்ணவில்லை. எனினும் மாணவர் மனத்தில் நிலைப்பது அதுவே.

நின்று சொல்லுதல் அவ்வளவு தீங்கா என்று கேட்கலாம். இதில் கருத்துக்கு இடமில்லாதபடி அளவீடுகள் வந்துவிட்டன. ஸ்கொட் ஃபிரீமன் குழுவினர் 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கினர். விரிவுரை மட்டுமே கேட்ட வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தோல்வியுற்றனர். மாணவரைச் செயற்படவைத்த வகுப்புகளில் அது 21.8 விழுக்காடாகக் குறைந்தது. வகுப்பு சிறிதாக இருக்குந்தோறும் பயன் மிகுந்தது. மலையகத்தார் கூர்ந்து நோக்க வேண்டியது ஃபிரீமனின் துணையாளர் தியபோல்ட் 2020இல் வெளியிட்ட அடுத்த தொகுப்பாய்வை. வறிய, ஒதுக்கப்பட்ட குடிகளிலிருந்து வரும் மாணவருக்கும் ஏனையோருக்கும் இடையிலான தேர்வுப் புள்ளி இடைவெளி, செயல்வழி வகுப்புகளில் 33 விழுக்காடு சுருங்கியது; தேர்ச்சி இடைவெளி 45 விழுக்காடு சுருங்கியது. இவை அமெரிக்கக் கல்லூரிகளின் எண்கள். அப்படியே ஹட்டனுக்குப் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் வீட்டில் புத்தகமும் படித்த பெற்றோரும் இல்லாத பிள்ளைக்கு வகுப்பறை நேரமே முழுக் கல்வி. அந்நேரம் வீணானால் ஈடுசெய்ய வேறிடம் இல்லை. இந்த ஏரணம் கடல் கடந்தும் செல்லும்.

செயல்வழி என்பதை ஆடலும் பாடலும் என்று எடுத்துக்கொள்வோர் உளர். அது பிழை. ஒரு பாடத்தை அருகிருந்து பார்ப்போம்.

பாடம் நீரின் கொதிநிலை. பாடநூல் 100 பாகை என்கிறது. ஹட்டன் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் கூடக் கூட வளிமண்டல அமுக்கம் குறையும். நுவரெலியாவில் அது கடல்மட்ட அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. எனவே திறந்த கலத்தில் நீர் அங்கே 94 பாகையை ஒட்டியும், ஹட்டனில் 96 பாகையை ஒட்டியும் கொதிக்கிறது. ஆய்வுகூடத்தில் முகவையைச் சுடரடுப்பில் ஏற்றி வெப்பமானியை நிறுத்தினால், குமிழிகள் பொங்கி எழும். இதள் மட்டம் 96இல் நின்றுவிடும். எவ்வளவு சூடாக்கினாலும் ஏறாது. ஆசிரியர் சிலர் இவ்விடத்தில் வெப்பமானி பழையது என்று சொல்லி, ஏட்டில் 100 என எழுதச் செய்துவிட்டு நகர்வர். பாடநூலுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளப் பழக்குவதைவிட அறிவியலுக்குப் பெரிய கேடு இல்லை.

தேர்ந்த விரிவுரையாளர் இவ்விடத்திலே நிறுத்துவார். நான்கு விடைகளைப் பலகையில் எழுதுவார்: வெப்பமானி பழுது, சுடர் போதவில்லை, நீரில் உப்பு கலந்துள்ளது, காற்றின் அமுக்கம் குறைவு. ஒவ்வொருவரும் தனியே எண்ணி ஒன்றைத் தெரிந்து கைவிரலால் காட்ட வேண்டும். பேச்சு கூடாது. விரல்களை ஒரு நோட்டம் விட்டால் வகுப்பின் மனம் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு, வேறு விடை சொன்ன ஒருவரைத் தேடி அவரை இணங்கவைக்கச் சொல்வார். மண்டபம் இரையும். உப்பு என்றவரிடம் அருகிலிருப்பவர், உப்பு கலந்தால் கொதிநிலை ஏற வேண்டுமே, இங்கே இறங்கியிருக்கிறதே என்பார். சுடர் என்றவரிடம் இன்னொருவர், அடுப்பைக் கூட்டினால் ஆவிதான் மிகும் என்பார். இறுதியில் மறுமுறை விரல் காட்டச் சொல்லி, அதன் பின்னரே விளக்கம் தருவார். மலையில் பருப்பு வேக நேரமெடுப்பதும், அழுத்தக் கலம் அதை விரைவுபடுத்துவதும் அப்போது தாமாகவே வந்து சேரும்.

இம்முறையை 1991இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் இயற்பியலாளர் எரிக் மசூர். அவர் நல்ல விரிவுரையாளர் எனப் பெயரெடுத்தவர். மாணவர்கள் கடினமான கணக்குகளைச் செய்தனர். நியூட்டன் விதியின் எளிய கருத்து வினாவில் சறுக்கினர். அதைக் கண்டபின் தன் முறையையே மாற்றினார். இங்கே ஒரு நுட்பம் உண்டு. முதல் முறை சரியாகச் சொன்னோர் 30 விழுக்காட்டுக்கும் குறைவு எனில், உரையாடல் பயன் தராது; கருத்தையே மீளக் கற்பிக்க வேண்டும். 70 விழுக்காட்டுக்கு மேல் எனில் உரையாடத் தேவையில்லை; அடுத்ததற்குப் போகலாம். இடைப்பட்டிருந்தால்தான் மாணவரை மாணவரிடம் விட வேண்டும். எப்போது பேசுவது, எப்போது வாய்மூடுவது என்னும் இத்தெரிவு நூலைப் படித்து வராது. வகுப்பில் விரல்களை எண்ணிப் பழகினால் வரும்.

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், மாணவர் ஒருவருக்கொருவர் விளக்கிக் கற்பதை ஒட்டியதொரு கணக்கைத் தருகிறார். ஆசிரியன் சொல்வதை எத்துணைச் செவ்வையாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் காற்கூறு புலமையே வரும்; உடன்பயில்வோரோடு பழகுவதில் இன்னொரு கால் வரும்; பிறர்க்கு விரித்துரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு நிறையும் என்கிறார். அவர் அளந்து சொன்ன எண்கள் அல்ல அவை. அதனால் மசூருக்கு முன்னோடி என்று பறைசாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று வியப்பளிக்கிறது. அப்பாயிரத்தைப் பாடமாக வைத்து, ஆசிரியரின் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்துத் தேர்வு நடத்துகிறோம். அதே பாயிரம் நல்லாசிரியர் ஆகாதவர்களுக்குக் கழற்குடத்தையும் பருத்திக் குண்டிகையையும் உவமை காட்டுகிறது. முன்னது இட்ட முறையில் திருப்பித் தராதது. பின்னது சிறிது சிறிதாக அடைத்ததைச் சிறிது சிறிதாகவே விடுவது. குறிப்பேட்டிலிருந்து வரி வரியாகச் சொல்லி எழுதுவிப்போர் இவ்விரண்டாம் உவமையை மீண்டும் ஒருமுறை படிக்கலாம்.

மிகச் சிறிய ஒரு பழக்கத்தையும் எடுத்துக்கொள்வோம். மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர் வினாவைக் கேட்டபின், விடைக்காகக் காத்திருக்கும் நேரம் ஒரு நொடியளவே எனக் கண்டார். அதற்குள் விடை வராவிட்டால் ஆசிரியரே சொல்லிவிடுவார், அல்லது வேறொருவரை அழைப்பார். மூன்று நொடியாக அக்காத்திருப்பை நீட்டப் பழக்கியதும் விடைகள் நீண்டன. தெரியாது என்னும் சொல் குறைந்தது. வழக்கமாக வாய்திறவாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினர். அதிகாரத்தின் முன் பேசாதிருப்பதே பண்பு என்று தலைமுறைகளாகப் பழக்கப்பட்ட சமூகத்தில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டதும் மட்டும் குரல் கொடுத்த மக்களின் பிள்ளைகளிடம், அந்த இரண்டு நொடி மிகை எத்தகைய வேறுபாட்டைச் செய்யும் என எண்ணிப் பார்க்கலாம். ஆனால் வகுப்பில் நின்றவருக்குத் தெரியும், வாய்மூடி மூன்று நொடி நிற்பது எவ்வளவு கடினம் என்று. தன் குரலைப் பதிவுசெய்து கேட்டாலொழிய எந்த விரிவுரையாளரும் தான் ஒரு நொடியே காத்திருக்கிறேன் என நம்பமாட்டார்.

இங்கேதான் பயிற்சியின் மையச் சிக்கல் இருக்கிறது. மனிதன் தன் கற்பித்தலைத் தானே சரியாகக் காண்பதில்லை. டயன் ஈபர்ட்-மே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை மறுக்க முடியாதபடி காட்டியது. உயிரியல் கற்பிக்கும் கல்லூரி ஆசிரியர்கள், மாணவரை மையப்படுத்திக் கற்பிக்கும் முறைகளில் பல நாள் செயலமர்வுகளில் கலந்துகொண்டனர். பின்னர்க் கேட்டபோது 89 விழுக்காட்டினர் தம் பாடங்களை மாற்றிவிட்டதாகக் கூறினர். அவர்களின் வகுப்புகளைக் காணொளியில் பதிவுசெய்து வெளியார் மதிப்பிட்டபோதோ 75 விழுக்காட்டினர் இன்னும் விரிவுரையே நிகழ்த்திக்கொண்டிருந்தனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. மாறியதாக உண்மையிலேயே எண்ணினர். அடுத்த கட்டத்தில் ஈபர்ட்-மே பயிற்சி முறையை மாற்றினார்: கற்பிக்கத் தொடங்கும் இளம் ஆய்வாளரைச் சேர்த்து, அவர்கள் வகுப்பெடுத்துக்கொண்டிருக்கும்போதே வழிகாட்டியோடு பலமுறை கூடித் திருத்தச் செய்தார். அம்முறை பயன் தந்தது.

மாணவரின் கருத்தைக் கேட்டு விரிவுரையாளரை எடைபோடுவதிலும் கண்ணி உண்டு. ஹார்வர்டில் லூயி டெலோரியே குழு 2019இல் ஒரே இயற்பியல் பாடத்தை இரு பிரிவுக்கும் இரு வழியில் கற்பித்தது. செயல்வழிப் பிரிவினர் தேர்வில் கூடுதலாகப் பெற்றனர். ஆனால் தாம் குறைவாகக் கற்றதாக உணர்ந்தனர். தெளிவான விரிவுரை கேட்டோர் மிகுதியாகக் கற்றதாக நம்பினர். முயன்று தடுமாறுவது கற்றலின் அடையாளம். கற்பவருக்கோ அது தோல்வியாகத் தோன்றுகிறது. எனவே புதிய முறைக்கு மாறும் விரிவுரையாளர், முதல் தவணையில் மாணவரின் முணுமுணுப்பைக் கேட்கத்தான் வேண்டும். பாடசாலையிலும் இதே நிலை. அடுத்த அறை அதிபர் இரைச்சலைக் கேட்டு எட்டிப் பார்ப்பார். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்னும் எண்ணம் அவ்வளவு எளிதில் போகாது.

இலங்கை இதில் முயலாமல் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1997இல் பணியாளர் அபிவிருத்தி நிலையம் தொடங்கப்பட்டது. புதிய விரிவுரையாளர் கற்பித்தற் பயிற்சி பெற்றாக வேண்டும் என்னும் விதியும் பின்னர் வந்தது. 2007இன் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளைப் பாடசாலை ஆசிரியரின் கையில் கொடுத்தது. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து அது வளவாளர், சேவைக்கால ஆலோசகர், ஆசிரியர் என்று படிப்படியாக இறங்கியது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தியது. கடைசிப் படியில் பல இடங்களில் ஐந்து தலைப்புகளும் ஒரு பாடக்குறிப்பு அட்டவணையும் மட்டும் எஞ்சின. அண்டைத் தமிழ்நாட்டிலும் கதை வேறாக இல்லை. 1986ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையை அடுத்து 1987 முதல் பல்கலைக்கழகங்களில் கல்விப் பணியாளர் கல்லூரிகள் எழுந்தன. 2015இல் மனிதவள மேம்பாட்டு மையங்களாகவும், 2023இல் மாளவியா பெயரிலான பயிற்சி மையங்களாகவும் பெயர் மாறின. அவற்றின் அறிமுகப் பயிற்சியும் புத்தொளிப் பயிற்சியும் பதவி உயர்வுக்கு வேண்டிய சான்றிதழ் என்றே பலரால் எண்ணப்படுகின்றன. சான்றிதழ் வாங்கிய மறுநாள் வகுப்பு எவ்வாறு நடந்தது என்று போய்ப் பார்க்க எவரும் அமர்த்தப்படுவதில்லை.

பத்தனை போன்ற கல்லூரிக்கு இதில் ஒரு பேறு உண்டு. பெரிய பல்கலைக்கழகத்துக்கு இல்லாதது அது. விரிவுரையாளர் எல்லாரும் ஒரே வளாகத்தில் இருக்கின்றனர். சுற்றிலும் தோட்டப் பாடசாலைகள் உள்ளன. கட்டுறு பயிலுனரைப் பார்வையிட அவர்கள் எப்படியும் அப்பாடசாலைகளுக்குப் போகின்றனர். சப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நூறாண்டுக்கு மேலாக நிலவும் பாட ஆய்வு முறையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். மூவர் அல்லது நால்வர் கூடி ஒரே ஒரு பாடத்தை ஆழமாகத் திட்டமிடுவர். ஒருவர் கற்பிப்பார். ஏனையோர் அவரைப் பார்ப்பதில்லை, மாணவரைப் பார்ப்பர். எந்தப் பிள்ளை எந்த நொடியில் குழம்பியது, எந்த வினாவுக்குக் கண் விரிந்தது என்று எழுதிக்கொள்வர். அன்றே கூடிப் பேசித் திருத்திப் பிறிதொரு வகுப்பில் மீண்டும் கற்பிப்பர். பார்வை ஆசிரியரிலிருந்து மாணவருக்கு மாறியதும் குறைகூறலின் கூர் மழுங்கிவிடுகிறது. பிழை ஆளுடையது அல்ல, பாடத்துடையது ஆகிறது.

இதில் நான் மிக வேண்டுவது ஒன்று. பல்தரக் கற்பித்தல் பற்றிய பாடத்தை விரிவுரையாளரே ஒரு தோட்டப் பாடசாலையில் எடுக்க வேண்டும். இரண்டாம் தரமும் மூன்றாம் தரமும் ஒன்றாக அமர்ந்த வகுப்பு, தமிழ் அல்லது கணிதம், நாற்பது நிமிடம். அவர் பயிற்றும் ஆசிரிய மாணவர் சுவரோரம் நின்று பார்க்க வேண்டும். ஒரு தரத்துக்கு வேலை கொடுத்துவிட்டு மற்றத் தரத்தினிடம் திரும்பும்போது முதல் தரம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது? வேலையை முடித்த பிள்ளை சலித்துப் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும்போது அவர் என்ன செய்கிறார்? அவர் தடுமாறலாம். தடுமாறட்டும்; தடுமாறியபின் மண்டபத்துக்குத் திரும்பி, எங்கே, ஏன் பிழைத்தது என்று மாணவரோடு வெளிப்படையாக ஆராயட்டும். லோர்ட்டி சொன்ன மறைந்த பக்கம், ஆசிரியரின் எண்ணப்போக்கு, அப்போதுதான் இளையோருக்குத் திறக்கிறது. பதின்மூவாயிரம் மணி நேரம் பார்த்தும் காணாததை அவர்கள் ஒரு பிற்பகலில் காண்பார்கள்.

செலவு பெரிதில்லை. கைப்பேசி இருந்தால் காணொளி எடுக்கலாம். தேவைப்படுவது நேரம், அதைத்தான் நேரசூசி தர மறுக்கிறது. வாரத்துக்கு இத்தனை மணி விரிவுரை என்னும் கணக்கில், கூடித் திட்டமிட்ட நேரமும் மற்றவர் வகுப்பைப் பார்த்த நேரமும் வேலையாகவே எண்ணப்படுவதில்லை. பீடாதிபதி ஒருவர் நினைத்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்க முடியும். இன்னொரு நிபந்தனையும் இன்றியமையாதது. இவ்வாறு எடுத்த காணொளியோ குறிப்போ பதவி உயர்வுக் கோப்புக்குள் போகவே கூடாது. போகும் என்று தெரிந்த மறுகணமே ஒவ்வொருவரும் முன்கூட்டி ஒத்திகை பார்த்த ஒரு பாடத்தைத்தான் காட்டுவர். பிள்ளைகளுக்கும் விடைகள் முன்னரே சொல்லப்பட்டிருக்கும். தோட்டப் பாடசாலைக்குக் கல்வி அதிகாரி வரும் நாளில் இத்தகைய பாடத்தைப் பார்த்துப் பழகியவர்கள் நாம்.